மஞ்சள் பையின் கனம்

ஒருவர் கையில் பையைக் கொடுத்து, அந்தக் கை எவ்வளவு தாழ்கிறது என்று பார்ப்பது என் மாமியாரின் பழக்கம். கல்யாண வீட்டில் தேங்காய் பழம் போட்டுத் தருவார்களே, அந்த மஞ்சள் துணிப்பைதான். மணமக்கள் பெயரெல்லாம் வெளுத்துப் போய் 'நல்வரவு' மட்டும் மிச்சமிருக்கும். மேலாக வெற்றிலைக் கட்டு, பாக்கு, சுண்ணாம்பு டப்பா, மடித்த துண்டு. "இதக் கொஞ்சம் புடி, கொண்டைய முடிஞ்சுக்கிறேன்" என்பார். வாங்கிய கை சட்டென்று இறங்கும். வெற்றிலைக்கு இம்புட்டு கனம் ஏது என்று வாங்கியவருக்கு உறைப்பதற்குள் முகம் வெளிறிவிடும். அவர் அவசரமே இல்லாமல் கொண்டையை அவிழ்த்து, உதறி, திரும்ப முடிவார். கண் மட்டும் அந்தக் கையிலேயே இருக்கும்.

உள்ளே இருந்தது என் மாமனாரின் கைத்துப்பாக்கி. பைக்குள் தார்ப்பாய்த் துணியை இரட்டையாக மடித்துத் தைத்து அதற்கென்று ஓர் அறை வைத்திருந்தார். மலைமேல் எஸ்டேட் நடத்திய வெள்ளைக்காரன் ஊருக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனதாம். நீளத்தில் என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். குழல் குட்டை. ஆனால் அதன் வாய் கட்டைவிரல் நுழைகிற அகலம். ஐந்து குண்டு பிடிக்கும். மாமனார் மாரடைப்பில் போனதும் லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு மாமியார் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருக்கிறார். பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி என்று கேட்ட அதிகாரியிடம், "ஆம்பள செத்துட்டான்ல, அதுக்குத்தான்" என்றாராம். இந்தக் கதையை அவரே நூறு தடவை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் அந்த அதிகாரியின் குரல் இன்னும் கீச்சென்று ஆகிக்கொண்டே போகும்.

சிம்மக்கல்லில் எங்களுக்கு வாழைக்காய் மண்டி. கடை முன்னால், வீடு பின்னால். எந்த நேரமும் வாழைச்சாறு கறையும் பழுக்க வைக்கிற புகையும் துணியில் ஒட்டியிருக்கும். நான் வாத்தியார் வீட்டுப் பெண், வாடிப்பட்டியிலிருந்து வந்தவள். கல்யாணத்தன்று காலில் விழுந்து எழுந்ததும் ஆசீர்வாதத்துக்குப் பதிலாக அந்தப் பைதான் என் கைக்கு வந்தது. எனக்குக் கை தாழ்ந்தது மட்டுமில்லை, பை தரையிலேயே இடித்துவிட்டது. கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். "சோறு போட்டு வளத்தாகளா, இல்ல பாடம் நடத்தியே வளத்தாகளா?" என்றார் என் மாமியார். பிறகு என் வீட்டுக்காரரிடம் உள்ளே என்ன என்று கேட்டேன். "அப்பாவோட துப்பாக்கி. அம்மாகிட்ட கேட்டுறாத" என்றார். அவருக்கு அப்போது முப்பது வயது. அந்த வயதிலும் பையைப் பார்த்துதான் பேசுவாரே தவிர அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார்.

மாமியார் அதைத் துப்பாக்கி என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'அவரு' என்பார், புருஷனைச் சொல்வது போல. "அவர எடுத்துட்டு வா." "அவரு பீரோல இருக்காரா பாரு." முதலில் எனக்குச் சிரிப்பு வரும், அப்புறம் வரவில்லை.

ஒருமுறை அதற்குக் குண்டு வாங்க டவுன் பக்கம் இருந்த துப்பாக்கிக் கடைக்கு என்னையும் கூட்டிப் போனார். கடைக்காரர் வயதானவர், மரியாதையானவர். இந்த அளவுக் குண்டு இப்போது வருவதே இல்லை, இதைக் கொடுத்துவிட்டுச் சின்ன அளவாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், பெண்கள் கைக்கும் உதறாது என்றார். மாமியார் அந்தச் சின்னக் குண்டை வாங்கி விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார்.

"இது பட்டா ஆளு விழுவானா?"

"விழலாம்மா. படுற எடத்தப் பொறுத்தது."

"பொறுத்துப் பாத்துக்கிட்டு நிக்கவா நான் சுடுறேன்? சுட்டா விழுகணும். விழுந்தவன் நம்மகிட்ட ஞாயம் பேசக் கூடாது." குண்டை மேசையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஒடம்பு சின்னதா இருக்கணும், வாயி பெருசா இருக்கணும். நீளமா வச்சிருக்கவன் காட்டுறதுக்கு வச்சிருக்கான்."

கடைக்காரர் விடவில்லை. இருக்கிற குண்டும் பழசு, துப்பாக்கியும் பழசு, குழலுக்குள் கம்பி விட்டு வருஷத்துக்கு ஒருதரமாவது துடைக்க வேண்டும், இங்கே கொண்டுவந்தால் நானே செய்து தருகிறேன் என்றார். இவர் வெற்றிலையை மென்றுகொண்டே எழுந்து வந்துவிட்டார்.

துடைக்காததற்குக் காரணம் இருந்தது. அந்தத் துப்பாக்கி வெளியே வருவது வருஷத்தில் ஒரே நாள், ஆயுத பூஜையன்று. தராசு, படிக்கல், வாழைத்தார் வெட்டும் அரிவாள் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்து, நடுவில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் அதை வைப்பார். எல்லாவற்றுக்கும் நாங்கள் பொட்டு வைக்கலாம், அதற்கு அவர்தான் வைப்பார். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து நாலு விரலாலும் அள்ளி அப்புவார். கண் திறக்கிற இடம் என்று சொல்லிக் குழலின் வாயில் ஓர் உருண்டை வைத்துக் கட்டைவிரலால் அமுக்கி, அதன்மேல் குங்குமம். பிறகு விளக்கிலிருந்து எண்ணெய் எடுத்து மேலே தடவுவார். மண்டி ஆட்கள் ஒவ்வொருவராக வந்து விழுந்து கும்பிட வேண்டும். அடுத்த நாள் அரிவாளையும் தராசையும் துடைத்து வேலைக்கு எடுப்போம். துப்பாக்கி அப்படியே துணி சுற்றிப் பைக்குள் போய்விடும். என் மாமனார் செத்த வருஷத்திலிருந்து இதுதான் நடப்பு. நான் ஒருமுறை துண்டை எடுத்துக்கொண்டு போனேன். "சாமிக்கு வச்ச பொட்ட அழிக்கிறாளாம்" என்று துண்டாலேயே என் முகத்தில் ஒன்று வைத்தார்.

அவர் கொடுமைக்காரி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அவர் கொடுமையில் சத்தம் இருக்காது. எழுமலையிலிருந்து வாழை பயிரிடும் சம்சாரி ஒருவர் வண்டி நிறையத் தாரோடு வந்து, சொன்ன விலைக்கு மேல் கேட்டுப் பிடிவாதமாக நின்றார். இவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஒக்காருங்கண்ணே, வெயில்ல வந்துருக்கீக. இதப் புடிங்க, மோர் கொண்டு வாரேன்" என்று பையைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டார். அடுப்படியில் என்னோடு நின்று, மோரில் கருவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, உப்புப் பார்த்து, இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டு, அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நாங்கள் வெளியே போனபோது அந்த மனிதர் பையை மடியில் வைக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். மாமியார் சொன்ன விலைக்கே தாரை இறக்கிவிட்டுப் போனார். மோரைக் குடிக்கவில்லை.

எனக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். வெள்ளிக்கிழமை மீனாட்சி கோயிலுக்குக் கூட்டிப் போனார். நானும் ஆசையாகத் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு கிளம்பினேன். தெற்குக் கோபுர வாசல் வந்ததும் பை என் கைக்கு வந்தது. "அவரு உள்ள வரக் கூடாது. நீ வச்சுக்கிட்டு நில்லு, நான் ஒனக்கும் சேத்துக் கும்புட்டு வாரேன்." நின்றேன். கீழே வைக்கக் கூடாது என்பது உத்தரவு. அங்கே ஒண்ட ஒரு நிழல் கிடையாது. கால் வீங்கி மெட்டி சதைக்குள் புதைந்தது. பூக்காரம்மா ஒருத்தி, "இந்தா தாயி, பைய இப்படி வச்சுட்டு ஒக்காரு" என்று தன் சாக்கை நகர்த்திக் கொடுத்தாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். மாமியார் சாவகாசமாகத் திரும்பி வந்து, என் நெற்றியில் குங்குமத்தை வைத்து, "ஆத்தா முகத்துல இன்னைக்கு என்னா சிரிப்பு" என்றார். அந்தக் குங்குமத்தை வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அவருக்கு ஒரு மகளும் உண்டு. வசந்தா, என் நாத்தனார். என்னைவிட நாலைந்து வயது சின்னவள், அந்த வீட்டில் நான் வாய்விட்டுப் பேசிய ஒரே ஆள். அவள் தங்கராசு என்கிற பையனை விரும்பினாள். தபாலாபீசில் கிளார்க். அவன் அப்பா சடையன் எங்கள் மண்டியில்தான் தார் சுமந்தார். எழுமலைப் பக்கம் தலைமுறையாக அடுத்தவன் காட்டில் கூலி வேலை பார்த்த குடும்பம். அவர் முதுகிலே தார் சுமந்துதான் மகனைப் படிக்க வைத்தார். எங்கள் வீட்டில் சடையனுக்குக் காபி கொடுக்கிற தம்ளர் கொல்லைச் சுவரில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சேதி மாமியார் காதுக்கு எட்டியது தேர்தல் சமயத்தில். தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். ஒப்படைத்துவிட்டு வந்த அன்று வெறும் பையைத் தூக்கிப் பார்த்த மாமியாருக்கு முகமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். "அந்த ஒரு கிலோ படிக்கல்ல எடு." நான் எடுத்துக் கொடுத்தேன். அதைத் துணியில் சுற்றித் தார்ப்பாய் அறைக்குள் இறக்கி, கையில் தூக்கி அசைத்துப் பார்த்தார். மேலே வெற்றிலையைப் போட்டார். "வாயத் தொறந்த, நாக்கு இருக்காது" என்றார் என்னிடம். அவ்வளவுதான், மறுபடியும் பழைய மாமியார்.

சடையனை அவர் திட்டவில்லை, அடிக்கவும் ஆள் ஏவவில்லை. காலையில் லாரி வந்து நின்றதும், "சடையா, நீ இன்னைக்குச் சொமக்க வேணாம். இதப் புடிச்சுக்கிட்டு இப்படி நில்லு" என்று மண்டி வாசலில் நிறுத்திவிட்டார். போகிற வருகிற எல்லோரும் பார்க்கிற இடம். மற்றவர்கள் தார் இறக்கினார்கள். நான் காபியோடு போனபோது அவர் இரண்டு கையாலும் பையை ஏந்திக்கொண்டு, பச்சைப்பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி நின்றிருந்தார். மாமியார் கல்லாவில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஆத்தா, கை கடுக்குது" என்றார் சடையன்.

"கடுக்கட்டும். ஒம் மகன் எந்த வீட்டுப் படி ஏறப் பாத்தான்னு ஒனக்குத் தெரிய வேணாமா? அசையாத. அவரு அசங்குனா கோவிச்சுக்குவாரு."

லாரி காலியாகிற வரை நின்றார். கடைசியில் வேட்டி நனைந்துவிட்டது. தன் மகன் வயதுப் பையன்கள் பார்த்துக்கொண்டிருக்கத் தன் கால் வழியே ஓடியதைக் குனிந்து பார்த்தார், அப்போதும் பையைத் தாழ்த்தவில்லை. மாமியார் எழுந்து வந்து பையை வாங்கிக்கொண்டு, "போய்க் கழுவிட்டு வா, தார் மேல பட்டா யாவாரம் போயிரும்" என்றார்.

உள்ளே இருந்தது படிக்கல் என்பது அங்கே எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். நான் நேராக வசந்தாவிடம் போனேன். "ஒங்கம்மா பையில இருக்கது படிக்கல்லுடி. துப்பாக்கி ஸ்டேசன்ல கெடக்கு" என்றேன். அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் சடையனைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் காலையிலேயே வசந்தா ஒரு துணிப்பெட்டியோடு முற்றத்துக்கு வந்தாள். மாமியார் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார்.

"எங்கடி?"

"தங்கராசுகூடப் போறேன்மா."

மாமியார் கத்துவார் என்று நினைத்தேன். பையை நீட்டினார். "இதப் புடி. செருப்ப மாட்டிக்கிட்டு நானும் வாரேன்."

வசந்தா வாங்கினாள். அவள் கை தாழவே இல்லை. ஒரு தடவை அம்மாவைப் பார்த்துவிட்டுப் பையைத் தரையில் போட்டாள். இரும்புப் படிக்கல் தரையில் விழுந்த சத்தம் மண்டி வரைக்கும் கேட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் வேறு இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும்.

பதிவுத் திருமணம் செய்துகொண்டு அவர்கள் ஒத்தக்கடையில் புது வரிசை வீடு ஒன்றில் குடியேறினார்கள். தேர்தல் முடிந்தது. ஸ்டேஷனிலிருந்து துப்பாக்கி வந்தது. படிக்கல் தராசுக்குத் திரும்பியது. மறுநாள் காரை எடுக்கச் சொல்லி என்னையும் ஏறச் சொன்னார். "மக வீட்டப் பாத்துட்டு வருவோம்" என்றார். தட்டில் பழம், பூ, ஒரு பட்டுச்சேலை எல்லாம் இருந்தது. சமாதானமாகத்தான் போகிறார் என்று டிரைவர் நம்பினார். பை அவர் மடியில் இருந்தது. உள்ளே இருப்பது எது என்று எனக்குத் தெரியும்.

தங்கராசுதான் வாசலுக்கு வந்தான். நல்ல பையன், வாங்கத்தை என்று கை கூப்பினான். வசந்தா அவன் பின்னால் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மாமியார் காரிலிருந்து இறங்கிப் பையை நீட்டினார்.

"இதப் புடிங்க மாப்ள. கொண்டைய முடிஞ்சுக்கிறேன்."

அவன் அதை ஒற்றை விரலில் மாட்டிக்கொண்டான். அப்பா வேட்டி நனைந்து நின்ற கதை அவனுக்குத் தெரியும். உள்ளே இருந்தது என்ன என்றும் வசந்தா சொல்லித் தெரியும். விரலிலேயே பையை முன்னும் பின்னும் ஆட்டினான்.

"படிக்கல்ல எதுக்கத்தை இம்புட்டு தூரம் சொமந்துட்டு வந்தீக? தராசுல எடை கொறைஞ்சிறப் போகுது" என்று சிரித்தான். தெருவில் குழாயடியில் நின்ற இரண்டு பெண்களும் சிரித்தார்கள்.

"தம்பி, கீழ வைங்க, அது கல்லு இல்ல" என்று நான் கத்தினேன்.

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் சொல்லியிருக்கிறேன் என்பது அந்த நொடியில் அவருக்குத் தெரிந்துவிட்டது. "ஒனக்கு அப்புறம் இருக்கு" என்றார், சாதாரணமாக, சோறு வைக்கிறேன் என்பது போல. அவன் விரலில் தொங்கிக்கொண்டிருந்த பைக்குள் கையை விட்டுத் துப்பாக்கியை எடுத்து அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். இத்தனை வருஷத்தில் பூஜைக்கு இல்லாமல் ஒரு மனுஷர் முன்னால் அவர் அதை எடுத்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். வசந்தா அவனைத் தள்ளிவிட்டுக் குறுக்கே வந்து நின்றாள். பெற்ற மகள் எதிரே நிற்கிறாள். அவர் கை நகரவில்லை. அதே இடத்தில் வைத்து விசையை அழுத்தினார்.

வெடித்த சத்தத்தில் எனக்கு ஒரு காது இன்றுவரை சரியில்லை. கண்ணைத் திறந்தபோது வசந்தா நின்றுகொண்டிருந்தாள். தங்கராசு கன்னத்தைப் பொத்திக்கொண்டிருந்தான், ஒரு இரும்புச் சில்லு கிழித்திருந்தது. மாமியார் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். குட்டைக் குழல் பூவாக விரிந்து பிளந்து தரையில் கிடந்தது. அத்தனை வருஷச் சந்தனமும் குங்குமமும் எண்ணெயும் உள்ளே கல்லாக இறுகி வழியை அடைத்திருக்கிறது. தெரு முழுக்கச் சந்தனம் கருகிய வாசம். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. நடுவில் இருந்த மூன்றும் போய்விட்டன.

துடைக்கும்போது தவறி வெடித்துவிட்டது என்று போலீசில் சொன்னோம். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு, "இதையெல்லாம் அடிக்கடி தொடைக்கக் கூடாதும்மா" என்று புத்தி சொன்னார். வசந்தாவும் தங்கராசும் நாங்கள் சொன்னதையே சொன்னார்கள். அதற்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அம்மா இனி ஒத்தக்கடைப் பக்கம் வரக் கூடாது. வரவில்லை. துப்பாக்கியும் லைசென்சும் போயின.

இடது கையால் சாப்பிட மாட்டேன் என்று மாமியார் சாதித்தார். கடைசி வரைக்கும் நான்தான் ஊட்டினேன். எனக்கு அப்புறம் இருக்கிறது என்று சொன்னாரே, அது இதுதான் போலிருக்கிறது. புளி தூக்கல், உருண்டை பெரிசு என்று வாய்க்குள் சோற்றை வைத்துக்கொண்டே குறை சொல்வார். படிக்கல்லைப் போட்டு அந்த மஞ்சள் பையை மட்டும் விடாமல் தூக்கிக்கொண்டு திரிந்தார். மண்டியில் யாரும் பயப்படவில்லை. கொடுத்தால் வாங்கித் தார் மாட்டுகிற கொக்கியில் தொங்கவிட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அப்படித் தொங்குகிற பையை அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். கூட்டிப் போனேன். அதே தெற்குக் கோபுர வாசல், அதே வெயில். வழக்கப்படி பையை என் பக்கம் நீட்டினார். வாங்கினேன். அவருடைய வலது கையைப் பிடித்து, மிஞ்சியிருந்த கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் பையின் காதுகளை மாட்டினேன்.

"நீங்க புடிங்கத்தை. அவரு உள்ள வரக் கூடாதுல்ல? நான் ஒங்களுக்கும் சேத்துக் கும்புட்டு வாரேன்."

நான் உள்ளே போய் அம்மன் சன்னிதியில் கும்பிட்டேன், சுவாமி சன்னிதியைச் சுற்றினேன், பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டேன். நிதானமாக வாசலுக்கு வந்து தூணோரமாக நின்று எட்டிப் பார்த்தேன். அந்தப் பூக்காரம்மா சாக்கை நகர்த்திப் போட்டு அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் தலையாட்டி மறுத்துவிட்டு வெயிலிலேயே நின்றார். முகமெல்லாம் வியர்வை, கை முழங்காலுக்குத் தாழ்ந்திருந்தது. பையைக் கீழே வைத்திருக்கலாம், வைக்கக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. வைக்கவில்லை.

நான் திரும்பிப் போய் இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன்.